பொண்ணு வேலைக்குப் போயிருக்கு

போன வாரம் விண்ணப்பத்தில் டொக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் வீட்டில் எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டார்கள். விட்டிருக்கக் கூடாது. கையெழுத்துக்குப் பின்னால் மிஸ் இருக்கிறார்.

மிஸ் என்றால் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தர். பெயர் அஃப்னா. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு கேட்டு விண்ணப்பித்தவரை வீடு தேடி வந்து பார்த்து, நாலு கேள்வி கேட்டு, கொடுக்கலாம் என்றோ தேவையில்லை என்றோ எழுதுவது அவர் வேலை.

கை கால் விஷயமென்றால் அது லேசு. வாசலில் நின்றே எழுதிவிட்டுப் போய்விடலாம். இந்த வீட்டு மகள் கிருஷாந்திக்குக் கையும் காலும் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருந்தன. கோளாறு தலைக்குள். அங்கே ஒரு கங்காணி குடியிருந்தான்.

ஒன்பது வருஷமாக இருக்கிறான். வாடகை கிடையாது. காலையில் பெயர் கூப்பிடுகிற தோட்டத்துப் பெரட்டுக்கு ஆள் சேருமுன்பே அவன் வந்து அவள் பெயரைக் கூப்பிட்டுவிடுவான். தேயிலைக் கொழுந்து எடுக்கிற மலையில் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அந்தச் செடியத் தொடாதே" என்பான். மற்றக் கங்காணிகள் எல்லாம் எடு, எடு என்று விரட்டுகிற மலையில் எடுக்காதே என்று சொல்லும் ஒரே கங்காணி. கேட்பதற்குச் சலுகை போலத்தான் இருக்கும். ஒரு பகல் முழுக்க மழையில் ஒரே செடியின் முன்னால் கையை நீட்டியபடி நின்றவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கிளினிக்கில் இதற்கு நீளமான ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு ஊசியும் வைத்திருக்கிறார்கள். ஊசி ஏறியதும் அவன் மலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று கத்துவான். சத்தம் கேட்கும், சொல் விளங்காது. அது போதும் அவளுக்கு. நாள் தள்ளிப்போனால் ஏறி வந்துவிடுவான்.

போன வருஷம் அப்படித்தான் ஆனது. கிளினிக்குக்கு இரண்டு பஸ். துணைக்கு அம்மா. அம்மா வந்தால் அன்றைய வேலை போச்சு. கையில் காசில்லாத மாதங்களில் ஊசி தவறியது. தவறிய மாதங்களிலெல்லாம் அவன் மலைக்கு இந்தப் பக்கம். கொடுப்பனவு கிடைத்தால் கிளினிக் நாள் தவறாது. கிருஷாந்திக்கு அதிலிருந்து வேண்டியது அவ்வளவுதான்.

விஷயம் இப்படித் தெளிவாக இருக்க, பொகவந்தலாவைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவான மேக்கணக்கின் லயத்து வரிசை வீடுகளில் அன்று காலை நடந்தது வேறு.

அப்பா கணேசமூர்த்தி விடிந்ததிலிருந்து வாசலில் தண்ணீர் ஓடும் கான் வெட்டிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற கங்காணி, நிஜக் கங்காணி. வாசல் முழுக்கக் கூட்டி, கானின் இரண்டு பக்கமும் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்த மாயாண்டியிடம் நாலு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டார். ஒரு காலத்தில் தொரை லயம் பார்க்க வருகிறார் என்றால் இப்படித்தான். கோழி தெரியக் கூடாது, விறகு தெரியக் கூடாது, நோயாளி தெரியக் கூடாது. முக்கியமாக நோயாளி. படுத்திருக்கிற ஆளைப் பார்த்தால் தொரைக்கு அந்தக் காம்பராவை யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசனை வந்துவிடும்.

எனவே கோழி, விறகு, கிருஷாந்தி மூன்றையும் பின்பக்கக் குசினிக்கு ஒதுக்கியாகிவிட்டது.

"ஏங்க, மிஸ்ஸு பாக்க வர்றதே அவளத்தானே?" என்றாள் அம்மா ராக்காயி. கையில் சீப்பு.

"கூப்பிட்டா வரட்டும். மொதல்ல வீட்டப் பாக்கட்டும்."

அம்மா மகளின் தலையை வாரி எண்ணெய் வைத்தாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் தம்பி லோஜன் இந்தப் பக்கமிருந்து வந்து பின்னலை அவிழ்த்தான். த்ரீவீலர் ஓட்டுகிறவன், உலகம் தெரிந்தவன் என்பது அவன் சொந்த அபிப்பிராயம்.

"அக்கா, தலையில எண்ணெய் மினுங்குனா காரியம் கெட்டுரும். விரிச்சுப் போட்டுக்க. மிஸ்ஸு பேரு கேட்டா சொல்லாத. மேலப் பாத்துச் சிரி."

"மேல என்னாடா இருக்கு?"

"ஒண்ணும் இருக்கக் கூடாது. அதுக்குத்தான் சிரிக்கிறது. டிவி நாடகத்துல பாக்கலையா?"

"எனக்குச் சிரிப்பு வராதுடா. ஊசி போட்டா தூக்கந்தான் வரும்."

"ஐயோ, தூங்கிராத. சோம்பேறின்னு எழுதிருவாங்க."

"ஒம்பது வருஷமா நெசமாவே செஞ்சுக்கிட்டு இருக்கேன். நீ வந்து எனக்குப் பழக்குறியா?"

லோஜன் கொஞ்சம் யோசித்தான். "நீ செய்யிறது வெளிய தெரியலையேக்கா. அதான் பிரச்சினை."

அதில் ஒரு நியாயம் இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அம்மா திரும்பி வந்து அவிழ்ந்த தலையைப் பார்த்தாள். லோஜனைச் சீப்பாலேயே ஒன்று போட்டுவிட்டு மறுபடி வாரத் தொடங்கினாள். ஒரு பக்கம் முடிவதற்குள் கீழே ரோட்டிலிருந்து போன். மிஸ் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார். லோஜன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். அம்மா சீப்பைப் போட்டுவிட்டு அடுப்பில் கேத்தலை ஏற்றி, மாற்றுச் சேலை கட்ட ஓடினாள். கிருஷாந்தியின் தலை ஒரு பக்கம் கோயிலுக்குப் போகிற மாதிரியும் ஒரு பக்கம் கோயிலிலிருந்து துரத்தப்பட்ட மாதிரியும் நின்றுபோனது.

அவள் குசினியில் கோழிக்கூடைக்குப் பக்கத்தில் குந்தினாள். கூடைக்குள் கோழியும் வெளியே அவளும். இரண்டு பேருக்கும் ஒரே உத்தரவு.

மிஸ் வந்துவிட்டார். நாற்காலி கிரீச்சிட்டது. அப்பா "வாங்க மிஸ், இருங்க மிஸ்" என்று இரண்டு தடவை சொன்னார். தொண்டையைச் செருமினார்.

"கிருஷாந்தி எங்க ஐயா?"

கேள்வியில் ஒரு கஷ்டமும் இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேனை பிடித்த ஒருவர் அதைக் கேட்டதுதான் கஷ்டம். முப்பத்தைந்து வருஷம் தொரைமார் கேட்ட அந்தக் கேள்விக்கு அப்பா ஒரே பதிலைச் சொல்லிப் பழகியிருந்தார். வாய் தானாகத் திறந்தது.

"பொண்ணு வேலைக்குப் போயிருக்கு மிஸ்."

குசினியில் கோழி ஒரு தடவை கொக்கரித்தது.

"வேலைக்கா?"

"ஆமாங்க மிஸ். மேக்கணக்குல மொத நம்பர் கொழுந்துக்காரி. இருவது கிலோவுக்குக் கொறைய மாட்டா. வேணும்னா தோட்டத்துல விசாரிச்சுப் பாருங்க."

வாசலில் லோஜன் இருமினான். அது ஒரு சமிக்ஞை. அப்பாவுக்கு அது இருமலாகத்தான் கேட்டது.

"அப்படியா?" மிஸ்ஸின் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "தோட்டத்துப் பதிவப் பாத்துட்டுத்தான் ஐயா வந்தேன். அதுலயும் அப்படித்தான் இருக்கு. நல்லா வேலை செய்ற ஆளுன்னா இந்தக் கொடுப்பனவு எதுக்கு?"

அப்பாவின் நாற்காலி கிரீச்சிட்டது. தான் சொன்னது என்னவென்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

கிருஷாந்தி எழுந்தாள்.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் ஏதோ கத்தினான். போகாதே என்பதாகத்தான் இருக்கும். அவன் வேறு என்ன நல்லது சொல்லியிருக்கிறான்? அவள் கேத்தலை இறக்கி, சாயத்தை ஊற்றி, சீனி போட்டு, கோப்பையைச் சாசரில் வைத்து எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். போகிற போக்கில் கால் பட்டுக் கூடை சாய்ந்தது. கோழியும் பின்னாலேயே வந்தது.

"வேலைக்குப் போனவ வந்துட்டேன் மிஸ்," என்றாள். "தேத்தண்ணி குடிங்க."

மிஸ்ஸுக்கு முப்பது வயது இருக்கலாம். பச்சை நிற ஹிஜாப், மடியில் பைல், செருப்பெல்லாம் தோட்டத்துச் சேறு. அவர் கிருஷாந்தியின் தலையைப் பார்த்தார். வாரிய பாதியை முதலில், வாராத பாதியைப் பிறகு. கோழியைப் பார்த்தார். கடைசியில் கோப்பையைப் பார்த்தார். அது சாசரில் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. தேநீரில் பாதி சாசருக்கு வந்துவிட்டிருந்தது.

"கை நடுங்குதே."

"ஊசியோட நடுக்கம் மிஸ். நோய் இல்ல, மருந்து. ரெண்டுல ஒண்ணத்தான் வச்சுக்கலாம்னா நான் நடுக்கத்தையே வச்சுக்கிறேன்."

மிஸ் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கிருஷாந்தி அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியை அப்பா கிராம சேவகர் வந்தால் உட்கார என்று போட்டிருந்தார்.

"வர்ற வழியில உங்க தம்பி சொன்னாரு," என்றார் மிஸ், "நீங்க ஆளைக் கடிப்பீங்கன்னு."

"அவனக் கடிச்சது உண்மைதான் மிஸ். எனக்கு அப்ப ஆறு வயசு. என் பிஸ்கட்டத் தின்னுட்டான்."

லோஜன் த்ரீவீலரின் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான்.

மிஸ் சிரிக்காமல் இருக்க முயன்றார். முடிந்தது, கொஞ்சம்போல. "தம்பி சொல்றது ஒண்ணு. ஐயா சொல்றது ஒண்ணு. நீங்க எனக்கு முன்னால இவ்வளவு தெளிவா பேசிக்கிட்டு இருக்கீங்க. நான் எதை எழுதறது?"

"மூணையும் எழுத வேணாம். தெளிவா பேசுறது இந்த வாரம். ஊசி போட்டு இன்னிக்கு மூணாம் நாள். மாசக் கடைசியில வந்திருந்தீங்கன்னா நான் உங்களப் பாத்திருக்கவே மாட்டேன். ஒருவேளை தம்பி சொன்னது கொஞ்சம் உண்மையாயிருக்கும், கடிக்கிறது தவிர."

"அப்போ வேலை?"

"காலையில போவேன். ரெண்டு நெரை கொழுந்து எடுப்பேன், சில நாளு மூணு. அப்புறம் தலைக்குள்ள இருக்கிறவன் நிறுத்துன்னா நின்னுருவேன். கை நீட்டியே நிக்கும். பக்கத்து நெரைக்காரங்க மொதல்ல கூப்புடுவாங்க, அப்புறம் சுத்திக்கிட்டுப் போயிருவாங்க."

"அப்ப இருவது கிலோ எங்கிருந்து வந்திச்சு?"

கிருஷாந்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு, மாற்றுச் சேலையில், தலையை மெதுவாக ஆட்டினாள். சொல்லாதே என்று அர்த்தம். அது அவளுக்குத் தலைக்குள்ளிருந்து கேட்டுப் பழகிய உத்தரவு. வெளியிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை.

"அந்தக் கொழுந்து என்னுது இல்ல மிஸ். அம்மாவோடது. நிறுவைக்கு வரிசையா நிக்கையில அம்மா பையில இருந்து எம் பையில போட்டுருவாங்க. ஒம்பது வருஷமா. அம்மா நாப்பது எடுப்பாங்க, கணக்குல இருவது விழும். எனக்கு இருவது. மேக்கணக்குலயே அவங்களுக்குத்தான் வேகமான கை. ஒரு நாளும் அவங்க பேரு மேல வந்தது கிடையாது."

லயத்தின் மற்றக் காம்பராக் கதவுகளில் இவ்வளவு நேரம் யாரும் இல்லாத மாதிரி இருந்தது. இப்போது ஒவ்வொரு கதவிலும் ஒரு தலை.

"எம் பொண்ணு பையிலதானே போட்டேன்," என்றாள் அம்மா, யாரும் கேட்காமலே. "ரோட்டுலயா கொட்டுனேன்?"

"ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?" மிஸ் கேட்டார்.

பதில் சொன்னது அப்பா. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு வயசு முடிஞ்சிருச்சு மிஸ். எம் பொஞ்சாதிக்கு அடுத்த வருஷம் முடியுது. பொடியன் தோட்டத்துல பதியல. அப்புறம் வீட்டுல பதிஞ்ச ஆளுன்னு பொண்ணு ஒருத்திதான். அவளுக்கு ஏலாதுன்னு வெளிய வந்துட்டா, காம்பராவ விடுன்னு சொல்ல மாட்டாங்கன்னு யாரு சொல்றது? எங்கப்பா பொறந்தது இந்தக் காம்பராவுல."

கோழி சுண்ணாம்புக் கோட்டைச் சீய்க்கத் தொடங்கியது.

இத்தனை வருஷமும் அவளைக் காப்பாற்றுகிறோம் என்று அம்மா போட்ட கொழுந்துதான் இப்போது அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. இதை நினைத்தபோது கிருஷாந்திக்கு அழுகை வரவில்லை. லோஜன் காலையில் கேட்ட சிரிப்பு இப்போதுதான் வரும்போல இருந்தது. அடக்கிக்கொண்டாள். மேலே பார்த்துச் சிரித்தாள் என்று எழுதிவிட்டால் தம்பியைப் பிடிக்க முடியாது.

"ஐயா," என்றார் மிஸ். "தோட்டத்துக் காம்பரா விஷயத்துல நான் வாக்குக் குடுக்க ஏலாது. அது என் கையில இல்ல. நான் எழுதறது ஒண்ணே ஒண்ணுதான். உங்க மகளால ஒழுங்கா தொழில் செஞ்சு பிழைக்க முடியுமா, முடியாதா? அத நீங்க சொல்லணும். முந்திச் சொன்னது இல்ல, உண்மைய."

அப்பா மகளைப் பார்த்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கப்பா. எனக்குக் கோவம் வராது. எனக்குத் தெரிஞ்சதத்தானே சொல்லப் போறீங்க."

நாற்காலியில் இருந்த ஒருவருக்கு முன்னால் கணேசமூர்த்தி வாழ்நாளில் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. காய்ச்சலில் சொன்னதில்லை. அட்டை கடித்துக் கால் வீங்கியபோது சொன்னதில்லை. முழங்கால் முறிந்து கட்டுப் போட்ட அன்றுகூட நாளைக்கு வந்துவிடுவேன் என்றுதான் சொன்னார்.

"எம் பொண்ணுக்கு முடியாது மிஸ்," என்றார். பிறகு, கேட்காதவர்களுக்கும் கேட்கட்டும் என்பது போல இன்னொரு தடவை. "கெட்டிக்காரி. ஆனா முடியாது."

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. கதவுகளில் இருந்த தலைகளில் இரண்டு உள்ளே போயின. மிச்சம் தைரியமாக வெளியே வந்தன. மாயாண்டி தன் நாற்காலிகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்கிற சாக்கில் கானைத் தாண்டியே வந்துவிட்டார்.

மிஸ் எழுதினார். நிறைய எழுதினார். எழுதி முடித்துப் பேனையின் மூடியைப் போட்டபோது முகத்தில் இன்னும் ஒரு முடிச்சு இருந்தது.

"என் பக்கத்து வேலை சரி. நான் கொடுக்கலாம்னுதான் எழுதியிருக்கேன். ஆனா மேல பாக்கிறவங்க தோட்டத்துப் பதிவக் கேப்பாங்க. அதுல இருவது கிலோ இருக்கு. வீட்டு ஆக்கள் சொல்றது மட்டும் அங்க எடுபடாது. நிறுவையில நின்னு பாத்த ஆள் ஒருத்தர் சொன்னா..."

"நிறுவையில நிக்கிறது ஒரே ஒரு ஆளுதானுங்க," என்றார் மாயாண்டி. "கண்டாக்கு ஐயா."

அந்தப் பெயரைச் சொன்ன நேரம் சரியில்லை. கீழே ரோட்டு முடக்கில் ஒரு மோட்டார் சைக்கிள் கியர் மாற்றியது. மேக்கணக்கில் அந்தச் சத்தத்தைத் தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான்.

கங்காணிகளுக்கெல்லாம் மேலான கண்டாக்கு சிவசாமி வண்டியைக் கானுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். லயம் வழக்கப்படி அசைந்தது. கதவுகளில் இருந்தவர்கள் உள்ளே. மாயாண்டி கானுக்கு அப்பால். லோஜன் கைலியை இறக்கிவிட்டு நேராக நின்றான். அம்மா நிலைக்குப் பின்னால் மறைந்தாள். அப்பா நாற்காலியின் இரண்டு பக்கமும் கையூன்றி எழுந்திருக்கத் தொடங்கினார்.

எழுந்திரு, என்றான் தலைக்குள் இருந்தவன். இந்தத் தடவை சொல் விளங்கியது. மூன்றாம் நாளிலேயே இவ்வளவு கிட்ட வந்துவிட்டான் என்றால் அவனுக்கும் கண்டாக்கு என்றால் பயம் இருக்க வேண்டும்.

கிருஷாந்தி எழுந்திருக்கவில்லை. அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"உக்காருங்கப்பா. உங்க முட்டிக்கு ஆகாது."

அப்பா பாதி எழுந்த நிலையில் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மெதுவாக, முதல் தடவை நாற்காலியில் உட்காருகிறவர் மாதிரி, உட்கார்ந்தார்.

கண்டாக்கு ஹெல்மெட்டைக் கழற்றினார். உட்கார்ந்திருந்த கங்காணியைப் பார்த்தார். பைலைப் பார்த்தார். பாதி வாரிய தலையைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

"கொழுந்துப் பை கதை ஓடுதாமே. கீழ ரோட்டு வரைக்கும் வந்துருச்சு."

"ஆமாங்கையா," என்றாள் கிருஷாந்தி. "எங்க பக்கத்துக் கதைய நான் சொல்லிட்டேன். தராசு உங்க கண்ணுக்கு முன்னாலதான் இருந்திச்சு. மிச்சம் உங்களுக்குத்தான் தெரியும்." காலியாக இருந்த நாலாவது நாற்காலியை அவள் காலால் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினாள். "உக்காந்து சொல்லுங்க."

லயத்து வாசலில் கண்டாக்கை இதுவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. சொல்லாமலே உட்கார்ந்துதான் அவருக்குப் பழக்கம். அவர் நாற்காலியைப் பார்த்தார். நிலைக்குப் பின்னால் தெரிந்த ராக்காயியின் சேலை நுனியைப் பார்த்தார்.

உட்கார்ந்தார்.

"நான் தராசுல பாத்தது ஒம்பது வருஷம் இல்ல," என்றார். "பத்து."

மிஸ் பேனையின் மூடியைத் திரும்பவும் கழற்றினார்.